ஊசி நோட்டு

சேரன் எக்ஸ்பிரஸ் திருப்பூரில் நின்றபோது இன்னும் விடிந்திருக்கவில்லை. கூடவே என் மச்சினன் இறங்கினான். சென்னைப் புறநகரில் பள்ளிச் சீருடை தைக்கும் சிறு கம்பெனி நடத்துகிறான், முப்பது மிசின். அவன் நாற்காலிக்குப் பின்னால் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். அதற்கு நேர் கீழே, பள்ளிகளிலிருந்து திரும்பி வந்த மூட்டைகள் அடுக்கியிருக்கும். "சர்டிபிகேட் வாங்கினதுக்கு அப்புறம்தான் மாமா ரிட்டர்ன் ஜாஸ்தியாகுது" என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான். சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

அவனுக்கு விளையாட்டுச் சீருடைத் துணி கொடுக்கும் திருப்பூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் புலம்பியபோது, "போன்ல சொன்னா புரியாதுங்க, ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போங்க" என்றாராம். மச்சினன் என்னையும் இழுத்துக்கொண்டான். ஒரே நாள் பயணம். இரவு அதே வண்டியில் திரும்புவது என்று ஏற்பாடு.

ஸ்டேஷன் வாசலில் டீ குடித்தோம். ஊர் எங்களுக்கு முன்பே எழுந்திருந்தது. டிவிஎஸ் எக்ஸெல் ஒன்று, ஓட்டுகிறவரின் தலைக்கு மேல் வரை பனியன் மூட்டை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த வண்டியில் துணி உருளைகள். இந்த ஊரில் பாதிச் சரக்கு இப்படித்தான் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு நாள் முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கிறது. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே, "பையரா, ஜாப் ஒர்க்கா?" என்று கேட்டார். வேடிக்கை பார்க்க வந்தோம் என்றதும் சில்லறையை எண்ணப் போய்விட்டார்.

பெருமாநல்லூர் சாலையைத் திருப்பூரில் பி.என். ரோடு என்பார்கள். அதிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் அந்தத் திருப்பூர்க்காரரின் கம்பெனி. பதினைந்து வருடம் டெய்லராக இருந்துவிட்டு, இரண்டு மிசினில் தொடங்கி, இப்போது அறுபது மிசின் வைத்திருக்கிறார். வாசலிலேயே காத்திருந்தவர் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. வண்டியில் ஏறச் சொன்னார்.

"ஒரு பனியன் எங்க வாசலுக்கு வர்றதுக்கு முன்னாலயே நாலஞ்சு கம்பெனி ஏறி எறங்கிருதுங்க. அதையெல்லாம் பாக்காம எங்க மிசினை மட்டும் பாத்து என்னங்க பண்றது?"

நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் வேறிடம், காம்பாக்டிங் இன்னோரிடம், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு முதலாளி. பெரிய ஆலையில் ஒரே கூரைக்குள் நடப்பது இங்கே ஓர் ஊர் முழுக்க விரிந்து கிடக்கிறது. ஒருவர் விட்ட பிழை மூன்றாவது ஆளின் மேசையில்தான் தெரியவரும். அதற்குள் மூன்று பேரின் கூலி அந்தத் துணியில் ஏறியிருக்கும்.

முதலில் நிட்டிங் கம்பெனி. வட்ட மிசினைச் சுற்றி நூல் கண்டுகள் கோபுரம்போல் நிற்க, நடுவிலிருந்து துணி குழாயாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. பேசினால் கேட்காத இரைச்சல். திடீரென்று ஒரு மிசின் மட்டும் அடங்கியது. மேலே சிவப்பு விளக்கு. ஒடிசாக்காரப் பையன் ஒருவன் நிதானமாக நடந்து வந்தான். அறுந்த நூலை முடிந்து பொத்தானை அழுத்தினான். மிசின் ஓடியது. யார் அறுத்தது என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் கம்பெனிக்காரர் சொன்னார்: "மிசினுக்குப் பயமில்லைங்க. நூல் அறுந்தா நின்னுரும். ஆளுதான் நிக்கமாட்டான்."

நூறு வருடக் கதை ஒன்று அந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. ஜப்பானின் சகிச்சி டொயோடா 1924இல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அறுந்தது தெரியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் முழத்துக்கு முழம் பழுதுத் துணிதானே விழும்? அவர் மகன் கீச்சிரோ 1937இல் தொடங்கியதுதான் டொயோட்டா மோட்டார் கம்பெனி. தறி கற்றுக்கொடுத்ததை அங்கே கார் தயாராகும் வரிசைக்குக் கொண்டுபோனார்கள்: குறையைப் பார்த்த தொழிலாளி கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும், ஆள் வரும், சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். உலகத்துக்கே தரப் பாடமாகப் போன அந்த யோசனை பிறந்தது நெசவில்.

அதே நிட்டிங் கம்பெனியின் மூலையில் இன்னொரு காட்சி. துணியிலிருந்து சின்ன அப்பளம் அளவுக்கு ஒரு வட்டத்தை வெட்டி, நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் வைத்தார் மேற்பார்வையாளர். அந்த வெட்டுக் கருவி எடுப்பது 100 சதுர சென்டிமீட்டர். 1.80 கிராம் காட்டினால் சதுர மீட்டருக்கு 180 கிராம். இவர்கள் வாயில் '180 ஜிஎஸ்எம்'. நோட்டில் எழுதினார். மேலே வரிசையாக 179, 181, 180, 178. "ரெண்டு முன்ன பின்ன இருக்கும், அதுக்கெல்லாம் மிசினைத் தொடமாட்டோம். தொட்டாத்தான் கெடும். ஒரே பக்கமா ஏறிக்கிட்டே போனா நிறுத்திப் பாப்போம்" என்றார்.

வால்டர் ஷூஹார்ட் என்ற அமெரிக்கரை அவர் கேள்விப்பட்டிருக்கமாட்டார். தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில், டொயோடாவின் தறி முடிந்த அதே 1924இல், ஷூஹார்ட் ஒரு சிறு குறிப்பில் வரைந்து காட்டியது இதைத்தான். எந்த வேலையிலும் இயல்பான ஆட்டம் ஒன்று இருக்கும். அதன் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் கோடாகப் போட்டுக்கொள்ள வேண்டும். கோட்டுக்குள் இருக்கும்வரை ஆளைத் திட்டியும் மிசினைத் திருகியும் பயனில்லை. கோட்டைத் தாண்டினால் புதிதாக ஏதோ நடந்திருக்கிறது, தேட வேண்டும். சென்னையில் என் மச்சினன் ஒவ்வொரு புகாருக்கும் ஒருவரைத் திட்டுவான். அவன் அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயப்பட்டறையில் அதிக நேரம் நிற்கவில்லை. ஒரே நிறத்தை இரண்டு தடவை போட்டால் இரண்டும் ஒன்றாக இராது என்பதைக் கண்ணால் பார்த்தோம்: ஒரு பெட்டிக்குள் விளக்கை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். பகல் வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளையாகத் தெரிந்த இரண்டு நீலத் துண்டுகள் கடை விளக்குக்கு மாறியதும் பிரிந்துவிட்டன. அதனால்தான் ஒரே தடவையில் சாயம் போட்ட ஒவ்வொரு லாட்டுக்கும் எண். உடம்பு ஒரு லாட்டிலும் கை இன்னொரு லாட்டிலும் வெட்டிவிட்டால் அந்தச் சட்டை ஆயுளுக்கும் இரண்டு நிறம்.

ஆனால் சாயம் என்றால் இந்த ஊரில் நிறம் மட்டும் நினைவுக்கு வராது. சாயக் கழிவால் நொய்யல் செத்துக்கொண்டிருந்தது. ஆற்றுப் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் நின்றன. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் திறக்கலாம் என்றானது. சட்டைக்குள் குறை இல்லாமல் பார்த்துக்கொண்ட ஊர், சட்டைக்கு வெளியே விட்ட குறைக்கு அப்படி விலை கொடுத்தது. பின்னாளில் மத்திய அரசு சிறுதொழில்களுக்குக் கொண்டுவந்த 'ஸெட்' சான்றிதழின் பெயரிலேயே இரண்டும் உண்டு: பொருளில் குறை பூஜ்யம், சுற்றுச்சூழலுக்குக் கேடு பூஜ்யம்.

கம்பெனிக்குத் திரும்பும்போது மணி பதினொன்று. வாசலை ஒட்டியே துணியைப் பிரித்துத் தளர்வாக மடித்துப் போட்டிருந்தார்கள். உருளையில் இழுத்துச் சுற்றிய பின்னல் துணி ஒருநாளாவது இப்படிக் கிடந்து மூச்சுவிட வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால் வெட்டிய பிறகு சுருங்கும், மீடியம் ஸ்மாலாகிவிடும். "கப்பல் தேதி நெருங்கிட்டா?" என்று கேட்டேன். மனிதர் மழுப்பவில்லை. "பொய் சொல்லக்கூடாதுங்க. அப்ப இதுதான் மொதல்ல அடிபடும். சரக்கு தூத்துக்குடில கப்பல் ஏறலீன்னா, நம்ம காசுல பிளேன்ல ஏத்தி விடோணும். அந்த ராத்திரில தரம் கிரம்னு யாரும் பேசமாட்டாங்க."

தையல் பகுதி. ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று வரிசை. டெய்லருக்குப் பக்கத்தில் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்கும் கைமடி ஆட்கள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து மூன்றாவது மிசினில் ஓர் அம்மா கையைத் தூக்கினார். ஊசி உடைந்துவிட்டது.

அடுத்த இருபது நிமிடம் அந்த ஒரு மிசினைச் சுற்றித்தான். மேற்பார்வைப் பெண் காந்தத்தோடு வந்தார். மிசினில் இருந்த பீஸ், மடியில் இருந்தது, கூடையில் இருந்தது எல்லாம் தனியே போயின. மிசினில் மாட்டியிருந்த பாதி கையில் இருந்தது, முனை காணோம். தரையில், பெடலுக்கு அடியில், துணி மடிப்பில் தேடினார்கள். கடைசியில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது, அரிசிக் குருணை அளவு. இரண்டு துண்டையும் ஒரு நோட்டில் வைத்து, செலோடேப் ஒட்டி, தேதி, நேரம், மிசின் எண், ஆள் பெயர் எழுதினார்கள். துண்டுகள் சேர்ந்து முழு ஊசியானால்தான் புது ஊசி. சேராவிட்டால் அந்தக் கூடைச் சரக்கு அத்தனையும் ஊசி கண்டுபிடிக்கும் மிசினுக்குள் போய்வர வேண்டும். அதிலும் ஐயம் தீராவிட்டால் வெளியே போகாது.

நோட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக உடைந்த ஊசிகள், பூச்சி சேகரிப்பவர் வைத்திருக்கும் ஆல்பம்போல.

"இருபது நிமிஷம் வேலை போச்சே, பீஸ் ரேட்தானே அவங்களுக்கு?" என்றான் மச்சினன். அவனுக்குச் சரியான கேள்வி கேட்கத் தெரியும்.

"அந்த நேரத்துக்கும் பீஸ் கணக்குப் போட்டுக் குடுத்துருவோமுங்க. இல்லாட்டி ஊசி ஒடைஞ்சதையே சொல்லமாட்டாங்க."

பிறகு அவரே பழைய கதையைச் சொன்னார். முன்னொரு காலத்தில் ஊசி உடைத்தால் சனிக்கிழமைச் சம்பளத்தில் பிடித்தம். ஒரு சமயம் குழந்தைகள் சட்டை ஆர்டர். இறக்குமதி செய்தவர் கிடங்கில் சோதித்தபோது ஒரு சட்டையின் தோள் தையலுக்குள் ஊசி முனை. மொத்தச் சரக்கையும் அங்கேயே ஆள் வைத்துச் சோதித்து, செலவை இவர் தலையில் போட்டார்கள். யார் மிசின் என்று தேடிப் பிடித்து, எல்லோர் முன்னாலும் அந்த ஆளைத் திட்டித் துரத்தினாராம். "அப்பறம் ரொம்ப நாள் கழிச்சுத்தான் உறைச்சுதுங்க. காசு புடிச்சு வாயை அடைச்சது நானு. அவன் பயந்துட்டு முனையைத் தேடாம விட்டுட்டான். திட்டு வாங்கினது மட்டும் அவன்."

1950இல் ஜப்பானிய முதலாளிகளிடம் போய்ப் பேசிய அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் சொல்லிவந்ததன் சாரமும் இதுவே. குறைகளில் பெரும்பகுதி தொழிலாளியின் கையில் பிறப்பதில்லை, வேலை அமைந்திருக்கும் விதத்தில் பிறக்கிறது; அதை மாற்றும் அதிகாரம் முதலாளியிடம் இருக்கிறது என்றார் அவர். அவர் பெயரில் ஜப்பான் 1951இலிருந்து கொடுக்கும் விருதை 1998இல் இந்தியாவில் முதன்முதலாக வாங்கியது சென்னையின் சுந்தரம் கிளேட்டன். நாங்கள் காலையில் பார்த்த எக்ஸெல்லைச் செய்யும் டிவிஎஸ் மோட்டார் 2002இல் வாங்கியது. பனியன் மூட்டைக்குக் கீழே அந்த வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஓடுவதற்குப் பின்னாலும் இப்படி நோட்டுகள் இருந்திருக்கும்.

தையல் வரிசை முடியும் இடத்தில் கரும்பலகை. எண்ணெய்க் கறை, தையல் விட்டது, ஓட்டை, அளவு மாற்றம், லேபிள் கோணல் என்று கட்டம் போட்டு, நாலு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே வெட்டும் நம் பழைய கணக்கு. படிக்கத் தெரியாதவருக்கும் எந்தக் கட்டம் நீண்டிருக்கிறது என்று தெரியும். இங்கே ஒரு காலத்தில் நீண்டுகொண்டே போனது எண்ணெய்க் கறை. மிசினை மாற்றச் சொன்னார்கள், எண்ணெயை மாற்றச் சொன்னார்கள், கறை போக்கும் மருந்து வாங்கினார்கள். பலகையில் நேரத்தையும் சேர்த்துக் குறிக்கத் தொடங்கியபோதுதான் ஒன்று தெரிந்தது: கறை அத்தனையும் காலை முதல் ஒரு மணி நேரத்தில். ராத்திரி முழுக்க ஊசிக் கம்பி வழியாக இறங்கி நிற்கும் எண்ணெய், காலையில் முதல் பீஸில் விழுகிறது. வழி சொன்னது ஒரு கைமடி அக்கா. மாலையில் மிசின் பாதத்துக்கு அடியில் கழிவுத் துணி வைத்துவிட்டுப் போவது, காலையில் முதலில் அந்தத் துணியிலேயே நாலு தையல் ஓட்டுவது. செலவு ஒன்றுமில்லை. அதுவரை அந்த அக்காவை யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

கடைசி மேசை செக்கிங். குழல் விளக்குகளுக்குக் கீழே பெண்கள் ஒவ்வொரு பீஸையும் உள்ளும் புறமும் திருப்பி, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அன்று பையரின் தரப்பிலிருந்து ஆய்வுக்கு ஓர் இளம்பெண் வந்திருந்தார். 5,000 பீஸ் கொண்ட சரக்கில் கலந்து 200ஐ எடுத்தார். முக்கியமான குறை 10 வரை இருந்தால் சரக்கு போகலாம். 11 வந்தால் போகாது. உலகமெங்கும் ஏக்யூஎல் 2.5 என்று சொல்லும் அட்டவணைக் கணக்கு அது.

"பத்து குறை இருந்தாலும் பரவாயில்லையா?" என்றான் மச்சினன்.

"நான் இங்க வந்து தரத்தைக் கொண்டு வர முடியாதுங்க சார். இருக்கான்னு பாக்கத்தான் முடியும்" என்றார் அந்தப் பெண்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நாம் சொல்வதுதான். ஆனால் பானைச் சோறு ஒரே சீராக வெந்தால்தான் அந்தப் பழமொழி செல்லும். அடியில் தீய்ந்து மேலே அரிசியாக நிற்கும் பானையில் எந்தச் சோற்றை எடுத்து நசுக்குவது? காலையிலிருந்து நாங்கள் பார்த்த தராசும் லாட் எண்ணும் கரும்பலகையும் அடுப்பைச் சீராக எரிய வைக்கும் வேலைகள். இந்த மேசை, கடைசியில் கரண்டியால் எடுத்துப் பார்ப்பது.

மதியச் சாப்பாட்டுக்கு அரிசியும் பருப்பும் சாதம், நெய், தயிர். மச்சினன் தன் ஐஎஸ்ஓ கதையை அவிழ்த்தான். கன்சல்டன்ட் ஒருவர் கையேடு எழுதிக் கொடுத்திருக்கிறார், செங்கல் கனம். ஏதோ பம்ப் கம்பெனிக்கு எழுதியது; ஒரு பக்கத்தில் 'வார்ப்படம்' என்ற சொல்கூட அழிபடாமல் கிடந்தது. ஆய்வுக்கு வருவதற்கு முந்தின ராத்திரி உட்கார்ந்து ஒரு வருடத்துப் பதிவேட்டையும் நிரப்பியிருக்கிறார்கள்.

ஐஎஸ்ஓ 9001 முதலில் வந்தது 1987இல். 1994, 2000, 2008, 2015 என்று திருத்தித் திருத்தி வந்த பதிப்புகளில், 2015ஆம் ஆண்டுப் பதிப்பு தரக் கையேடு கட்டாயம் என்பதையே எடுத்துவிட்டது. செய்வதை எழுது, எழுதியதைச் செய், குறை வந்தால் காரணம் தேடு, மறுபடி வராமல் பார் என்பதே அதன் எலும்பு. அதுவும் சமையலறைக்குக் கொடுக்கும் சான்றிதழ். சாம்பார் ருசிக்கு அது பொறுப்பேற்பதில்லை. முப்பது மிசின் கம்பெனிக்கு நாலு நோட்டு போதும். ஆனால் நாலு நோட்டுக்கு யாரும் கட்டணம் வாங்க முடியாது.

கம்பெனிக்காரர் வேறொன்று சொன்னார். "எங்களமாதிரி சின்னக் கம்பெனில தரம் மொதலாளி கண்ணுல இருக்குமுங்க. தூரத்துல இருந்து பாத்தே தையல் சரியில்லைன்னு சொல்லிருவேன். ஒரு தடவை ஆஸ்பத்திரில பத்து நாள் படுத்துட்டேன். பத்து நாள் சரக்கும் வெளங்கல. அன்னைக்குத்தான் நோட்டுப் போட்டேன்." முதலாளி ஊருக்குப் போனால் தரமும் கூடவே ஊருக்குப் போய்விடும் கம்பெனிகள் எத்தனை! கண்ணில் இருப்பதை நோட்டுக்கு இறக்குவதுதான் இந்த வேலை முழுக்க என்று எனக்குப் பட்டது. இறக்கும்போது ஒரு சங்கடம் உண்டு. நோட்டில் முதலாளியின் தவறும் பதிவாகும்.

செலவைப் பற்றியும் பேசினார். ஒவ்வொரு பையருக்கும் ஒரு ஆடிட், ஒரே கேள்விக்கு ஆறு விதமான படிவம். தரத்தைக் கூட்டு என்பவர்களே அடுத்த சீசனில் விலையைக் குறை என்பார்கள். ஸெட் சான்றிதழ்க் கட்டணத்தில் குறுந்தொழிலுக்கு 80, சிறுதொழிலுக்கு 60, நடுத்தரத் தொழிலுக்கு 50 விழுக்காடு அரசு மானியம் உண்டு. "கட்டணத்துக்கு மானியம் இருக்குதுங்க. அந்த இருபது நிமிஷத்துக்கு யாரு குடுப்பாங்க?" என்று சிரித்துக்கொண்டே கை கழுவப் போனார்.

வண்டிக்கு நேரம் இருந்ததால் காதர்பேட்டைக்குப் போனோம். ஸ்டேஷனுக்குப் பக்கம்தான். ஏற்றுமதியில் மிஞ்சியதும் தள்ளியதும் குவியலாகக் கிடக்கும் கடைகள். எடை போட்டும் எண்ணியும் விற்கிறார்கள். மச்சினன் ஒரு நீல டீ சர்ட்டைத் தூக்கினான். காலையில் இருந்தவன் என்றால் நெஞ்சில் வைத்து அளவு பார்த்திருப்பான். இப்போது உள்பக்கத்தைத் திருப்பினான். இடுப்பு மடிப்புக்கு மேலே ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. அது காட்டிய இடத்தில், உற்றுப் பார்த்தால் தெரியும் அளவுக்கு ஒரு எண்ணெய்ப் பொட்டு.

எங்கோ ஒரு மேசையில் ஒரு பெண் அதைப் பார்த்து, நிறுத்தி, ஒட்டியிருக்கிறாள். மச்சினன் பேரம் பேசாமல் வாங்கிக்கொண்டான்.

ரயில் ஈரோடு தாண்டும்வரை பேசவில்லை. சட்டையை மடியில் விரித்து அம்பை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தான், பிய்க்கவில்லை. விளக்கை அணைக்கலாமா என்று கேட்டேன்.

"எங்க கம்பெனில ஊசி ஒடைஞ்சா பத்து ரூபா பிடிக்கிறோம் மாமா" என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து, "மூணு வருஷத்துல ஒரு ஊசிகூட ஒடையல" என்றான்.